அகலப் பாதையா வேகத்தைத் தந்தது? பிரிட்டனின் ஏழடிப் பாதையும் எட்டடிச் சக்கரமும்

ரயில் பற்றிய பேச்சு எங்கே நடந்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழும்: "பாதை அகலமானால் வேகம் கூடும்." நம் ஊரில் இதற்குச் சாட்சியும் கண்ணெதிரே இருக்கிறது. எழும்பூரிலிருந்து தெற்கே மீட்டர் கேஜில் ஆடி அசைந்து போன வண்டிகள், அகலப் பாதை வந்த பிறகு வேகமாகத்தான் ஓடுகின்றன. ஆனால் அந்த மாற்றத்தோடு புதிய தண்டவாளம், புதிய சிக்னல், வலுவான என்ஜின் எல்லாமே சேர்ந்து வந்தன என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பாராட்டு முழுவதும் அகலத்துக்கே போய்விடுகிறது.

விக்டோரியா ராணி காலத்து பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்கும் இதுதான் நடந்தது. ஏழடி அகலப் பாதை, அதனால் பிரமாதமான வேகம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அப்புறம் ஏன் கைவிட்டார்கள் என்று கேட்டால், "ஏதோ சரிப்பட்டு வரவில்லை" என்பது அடுத்த வரி. முதல் வரி பாதி உண்மை. இரண்டாவது வரி அந்த அளவுக்குக்கூட இல்லை. அந்த என்ஜின்களை ஓட்டியது நீராவி. அகலம் செய்ததெல்லாம் அந்த நீராவிக்குத் தாராளமாக இடம் கொடுத்ததுதான்.

முதலில், எந்த அகலம்?

இரண்டு தண்டவாளங்களின் உட்பக்க விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம்தான் கேஜ். பெட்டியின் அகலமோ, தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளின் நீளமோ அல்ல. இந்தியாவிலும் இலங்கையிலும் அகலப் பாதை என்றால் 5 அடி 6 அங்குலம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலும் இந்த அளவில்தான் ஓடியது.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே பெரும்பாலான கம்பெனிகள் 4 அடி 8½ அங்குலப் பாதையைப் போட்டன. வடக்கே நிலக்கரிச் சுரங்கங்களில் குதிரைகள் இழுத்த வண்டிகளின் அளவு அது. ஜார்ஜ் ஸ்டீபன்சன் அதை அப்படியே ரயிலுக்கு எடுத்துக்கொண்டார். லண்டனையும் பிரிஸ்டலையும் இணைக்க வந்த கிரேட் வெஸ்டர்னின் பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புரூனெல் மட்டும், சுரங்க வண்டிக்குப் பொருந்திய அளவு நாட்டின் அதிவேக ரயிலுக்கும் பொருந்த வேண்டும் என்று என்ன கட்டாயம் என்று கேட்டார். அவர் தேர்ந்தது 7 அடி. வளைவுகளில் சக்கரம் இறுகாமல் இருக்கப் பிறகு கால் அங்குலம் சேர்ந்து 7 அடி ¼ அங்குலம் ஆனது. நம் அகலப் பாதையைவிட ஒன்றரை அடி கூடுதல்.

புரூனெல் முதலில் சொன்ன காரணம் பலருக்கு வியப்பாக இருக்கும். பெட்டிகளைச் சக்கரங்களின் மேல் ஏற்றாமல் சக்கரங்களுக்கு நடுவே தொங்கவிட வேண்டும் என்பது அவர் திட்டம். அப்படிச் செய்தால் பெட்டியும் தாழ்வாக இருக்கும், சக்கரத்தையும் வேண்டிய அளவு பெரிதாக்கலாம், உராய்வும் குறையும். நடைமுறையில் கிரேட் வெஸ்டர்ன் பெட்டிகள் பெரும்பாலும் சக்கரங்களின் மேலேதான் உட்கார்ந்தன. ஆக, எந்தக் காரணத்துக்காக அகலத்தைத் தேர்ந்தாரோ அந்தக் காரணம் சீக்கிரமே காணாமல் போனது. அகலம் மட்டும் தங்கிவிட்டது. அதனால் உண்மையான லாபம் அடைந்தவை என்ஜின்கள்.

சக்கரம் ஏன் ஆளுயரத்தைத் தாண்டியது?

சின்னக் குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளைக் கவனியுங்கள். அதில் செயின் கிடையாது. பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும். ஒரு மிதிக்கு ஒரு சுற்று, அவ்வளவுதான். குழந்தை எவ்வளவு வேகமாகக் காலைச் சுழற்றினாலும் வண்டி நகர்வது கொஞ்சம்தான். இன்னும் வேகம் வேண்டுமென்றால் ஒன்று காலை இன்னும் வேகமாகச் சுழற்ற வேண்டும், இல்லையென்றால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும்.

நீராவி என்ஜினும் அப்படியே. சிலிண்டர் என்பது நீராவி புகும் இரும்புக் குழாய். அதற்குள் முன்னும் பின்னும் போய்வரும் தட்டு பிஸ்டன். பிஸ்டனோடு சேர்ந்த தண்டு, வளைந்த அச்சைப் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. நடுவில் கியர் எதுவும் இல்லை. பிஸ்டன் ஒருமுறை போய் வந்தால் சக்கரம் ஒரு சுற்று.

கணக்கு எளிது. 8 அடி விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 25 அடி நகரும். மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 96 கிலோமீட்டர் வேகத்தில் போக நிமிடத்துக்கு 210 சுற்று போதும். அதே வேகத்துக்கு 5 அடிச் சக்கரம் 336 தடவை சுற்ற வேண்டும்.

சுற்றினால் சுற்றட்டுமே என்று விடமுடியாது. கனமான பிஸ்டனும் தண்டும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை நின்று திசை மாறுகின்றன. வேகம் கூடக்கூட அந்த உதறல் என்ஜினையே பக்கவாட்டில் ஆட்டும். 1840களின் இரும்புக்கும் உயவு எண்ணெய்க்கும் அது தாங்காத வேலை. போதாததற்கு, நீராவி சிலிண்டருக்குள் வந்து வேலை செய்து வெளியேற நேரம் வேண்டும். சுற்று கூடினால் அந்த நேரம் சுருங்கும். வேலை முடித்த நீராவி வெளியேறும் முன்னே பிஸ்டன் திரும்பி வந்து அதன்மேல் முட்டும்.

சக்கரம் மட்டும் போதுமா? போதாது

இதற்கான பாடத்தை கிரேட் வெஸ்டர்ன் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டது. ஆரம்பத்தில் புரூனெல் என்ஜின் தயாரிப்பாளர்களுக்கு விதித்த நிபந்தனைகள் விசித்திரமானவை. பிஸ்டன் மெதுவாக ஓட வேண்டும், என்ஜினின் எடையும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே என்ஜினில் பொருத்த முயன்றவர்கள் வினோதப் பிராணிகளைப் பெற்றெடுத்தார்கள். ஹரிக்கேன் என்ற என்ஜினுக்கு 10 அடிச் சக்கரம். அதன் கொதிகலன் தனி வண்டியில் பின்னால் வந்தது. தண்டரர் என்பதில் பல்சக்கரம் வைத்து வேகத்தைக் கூட்டப் பார்த்தார்கள். எதுவும் உருப்படவில்லை. சக்கரம் பெரிதாக இருந்தது. அதைத் தொடர்ந்து சுழற்ற நீராவி இல்லை. புரூனெல் பாலம் கட்டுவதில் மேதை. என்ஜின் விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்டிருக்கக்கூடாது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றியவர் டேனியல் கூச். 1837இல் 21 வயது நிறையும் முன்பே என்ஜின் பிரிவின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். அவர் கையில் நம்பி ஓட்டக்கூடியதாக இருந்த என்ஜின் ராபர்ட் ஸ்டீபன்சன் கம்பெனியின் நார்த் ஸ்டார். 7 அடிச் சக்கரம் கொண்டது. அமெரிக்காவுக்கென்று செய்யப்பட்டு அங்கே போகாமல் நின்றுபோனதை ஏழடிப் பாதைக்கு ஏற்ப மாற்றி வாங்கியிருந்தார்கள்.

கூச் கொதிகலனின் மேல் கண் வைத்தார். உலையில் எரியும் நெருப்பின் சூடான காற்று, தண்ணீர் சூழ்ந்த நூற்றுக்கு மேற்பட்ட மெல்லிய குழாய்களின் வழியே போய்ப் புகைபோக்கியை அடைகிறது. அந்தக் குழாய்களும் உலைச் சுவர்களும் சேர்ந்த மொத்தப் பரப்புக்கு வெப்பப் பரப்பு என்று பெயர். அது எவ்வளவு பெரியதோ அவ்வளவு வேகமாக நீராவி உண்டாகும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. சிலிண்டரில் வேலை முடித்த நீராவியை ஒரு குறுகிய குழாய் வழியே புகைபோக்கிக்குள் பீய்ச்சுவார்கள். அது மேலே பாயும்போது பின்னாலிருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும், அந்த இழுப்பில் உலைக்குள் புதுக் காற்று புகும், நெருப்பு சீறும். இந்தக் குழாய்தான் ஊதுகுழல். நீராவி என்ஜினின் "குப் குப்" சத்தம் இதிலிருந்துதான் வருகிறது. வேகம் கூடினால் ஊதல் கூடும், ஊதல் கூடினால் நெருப்பு கூடும், என்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே ஊதிக்கொள்ளும். 1838 கடைசியில் கூச்சும் புரூனெலும் நார்த் ஸ்டாரின் ஊதுகுழலின் வாயை அகலப்படுத்தி, அதைப் புகைபோக்கியின் நடுவில் சரியாக நிறுத்தினார்கள். அதே என்ஜின் முன்பைவிட அதிகச் சுமையை இழுத்தது. எரிந்த கரியோ முன்பு எரிந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. பாதையின் அகலம் அன்றைக்கும் அதே ஏழடிதான்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: கேஜ் என்பது தண்டவாள இடைவெளி. ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் என்பதைச் சக்கரம் தீர்மானிக்கிறது. அந்தச் சுற்றை எவ்வளவு நேரம் தொடர முடியும் என்பதைக் கொதிகலன் தீர்மானிக்கிறது.

அகலம் உள்ளே வரும் இடம்

இப்போது இரண்டையும் ஒரே என்ஜினில் பொருத்திப் பாருங்கள். 8 அடிச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கும். கொதிகலன் அந்த அச்சுக்கு மேலே, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே படுக்க வேண்டும். 4 அடி 8½ அங்குலப் பாதையில் இரண்டு சக்கரங்களின் உட்பக்கத்துக்கு நடுவே நாலரை அடிகூட இல்லை. கூச்சின் பெரிய எக்ஸ்பிரஸ் என்ஜின்களின் கொதிகலனோ சுமார் நாலே முக்கால் அடி விட்டம். நுழையாது. சக்கரத்துக்கு மேலே தூக்கி வைக்கலாம் என்றால், பாரம் மேலே போனால் வண்டி கவிழும் என்று அன்றைய பொறியாளர்கள் அஞ்சினார்கள். ஏழடிப் பாதையில் இந்தத் தலைவலியே இல்லை. கொதிகலன் நடுவில் தாழ்வாக, வசதியாகப் படுத்துக்கொண்டது. உலைக்கும் இடம் இருந்தது. கொதிகலனின் கீழே பெரிய சிலிண்டர்களை உட்பக்கமாகவே வைக்கவும், வளைந்த அச்சைத் தடிமனாக அடிக்கவும் இடம் மிஞ்சியது.

அகலத்தின் பங்கு இதுதான், இவ்வளவுதான். இது சின்ன விஷயமல்ல. ஆனால் அன்றைய அறிவு நிலையோடும் அச்சத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டியது.

அயர்ன் டியூக்: பக்கத்தில் போய்ப் பார்த்தால்

1846இல் கம்பெனியின் ஸ்விண்டன் பணிமனை கிரேட் வெஸ்டர்ன் என்ற பெயரிலேயே ஓர் என்ஜினை 13 வாரத்தில் கட்டி முடித்தது. அதற்கு 8 அடிச் சக்கரம். முன்னால் இருந்த சிறிய சக்கரங்களின் அச்சு பாரம் தாங்காமல் ஒடிந்தது. முன்னால் இன்னொரு ஜோடிச் சக்கரம் சேர்த்துச் சரிசெய்தார்கள். அந்த அமைப்பை அடிப்படையாக வைத்து 1847 முதல் 1855 வரை வந்தவை அயர்ன் டியூக் வகை. மொத்தம் 29 என்ஜின்கள். வெலிங்டன் பிரபுவின் பட்டப்பெயர் அது. இந்த என்ஜின்களுக்கு எண் கிடையாது, பெயர் மட்டும்தான். கிரிமியப் போர்க் காலத்தில் வந்தவற்றில் அல்மா, பாலக்லாவா என்று போர்க்களங்களின் பெயர்களைப் பார்க்கலாம்.

முன்னால் நான்கு சிறிய சக்கரங்கள், நடுவில் இரண்டே இரண்டு 8 அடிச் சக்கரங்கள், பின்னால் இரண்டு சிறியவை. சிலிண்டரின் விட்டம் 18 அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரம் 24 அங்குலம். நீராவி பிஸ்டனின் இரு பக்கமும் மாறிமாறித் தள்ளுவதால், இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரு சுற்றுக்கு நான்கு தள்ளல். மணிக்கு 60 மைலில் நொடிக்கு 14. ஒரு சுற்றில் பிஸ்டன்கள் கடக்கும் இடம் 14 கன அடி. நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 கன அடி. இந்த இடம் முழுவதையும் கொதிகலன் நிரப்ப வேண்டியதில்லை. பிஸ்டன் பாதி வழி போகும் முன்னே வால்வு மூடிவிடும். உள்ளே சிக்கிய நீராவி விரிந்து மீதித் தூரத்துக்குத் தள்ளும். அப்படியும் அந்தக் கொதிகலனுக்குக் கொஞ்சநஞ்ச வேலையல்ல.

என்ஜினில் கூரை இல்லை. டிரைவரும் ஃபயர்மேனும் மழையோ பனியோ திறந்த வெளியில் நின்றே ஓட்டினார்கள். அவர்களாவது நெருப்பின் பக்கத்தில் நின்றார்கள். கரியும் தண்ணீரும் ஏற்றிய டெண்டர் வண்டியின் பின்புறம் இரும்புக் கூடு ஒன்று இருந்தது. அதில் ஓர் ஊழியர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, பெட்டிகள் ஒழுங்காக வருகின்றனவா என்று வழி முழுக்கக் கவனிக்க வேண்டும். அந்தக் கூட்டுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் இரும்புச் சவப்பெட்டி.

வேகம்? வூட்டன் பாசெட் அருகே உள்ள இறக்கத்தில் இவ்வகை என்ஜின் சுமார் 78 மைல் தொட்டது. இதே வகையைச் சேர்ந்த லார்ட் ஆஃப் தி ஐல்ஸ் 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் நின்றது. அதன்பின் 1884 வரை, 7,89,300 மைல், முதலில் பொருத்திய அதே கொதிகலனோடு ஓடியது. வேகத்தைவிட எனக்கு வியப்பு தருவது இந்த எண்தான்.

வேடிக்கை ஒன்றும் உண்டு. ஸ்விண்டன் நிலையத்தில் சிற்றுண்டிச் சாலை நடத்தியவர்களோடு கம்பெனி செய்துகொண்ட ஒப்பந்தப்படி, வண்டிகள் அங்கே பத்து நிமிடம் நின்றாக வேண்டும். வழியில் உயிரைக் கொடுத்து மிச்சம் பிடித்த நிமிடங்கள் ஸ்விண்டனில் காபிக் கோப்பையில் கரைந்தன. அந்த ஒப்பந்தத்திலிருந்து கம்பெனி பணம் கொடுத்து விடுபட்டது 1895இல். அதற்குள் அகலப் பாதையே போய்விட்டது.

சமதளம் என்ற மறைமுக உதவி

இன்னொரு பங்காளியைச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. புரூனெல் போட்ட லண்டன்–ஸ்விண்டன் பாதை ஏறக்குறைய மேசைப் பலகை. டிட்காட் வரை ஏற்றம் 1,320 அடிக்கு ஓர் அடி. அதற்கப்பால் ஸ்விண்டன் வரை 660க்கு ஒன்று. இரண்டே சக்கரம் தள்ளும் என்ஜினுக்கு இது அவசியம். ஏனென்றால் தண்டவாளத்தில் சக்கரத்துக்குக் கிடைக்கும் பிடிமானம், அந்தச் சக்கரத்தின் மேல் ஏறும் எடையைப் பொறுத்தது. சுமார் 35 டன் என்ஜினில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பெரிய சக்கரங்களின் மேல் இருந்தது. சமதளத்தில் போதும். ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி அங்கேயே சுற்றும்.

டெவன் மாகாண மலைப்பாதையில் டெயிண்டன், ரேட்டரி, ஹெமர்டன் என்று செங்குத்தான ஏற்றங்கள். எட்டடிச் சக்கரங்கள் நியூட்டன் ஆபட் நிலையத்தோடு நின்றுகொண்டன. அதற்கு மேற்கே, நான்கு சக்கரங்களைத் தண்டால் இணைத்து எடையைப் பங்கிட்ட சிறிய சக்கர என்ஜின்கள்தான் வண்டியை இழுத்தன. அங்கேயும் அதே ஏழடிப் பாதை. வேகம் மட்டும் இல்லை.

சுருக்கமாக: பெரிய சக்கரம், தாராளமான கொதிகலன், சமதளப் பாதை மூன்றும் கூடியபோது அந்த வேகம் கிடைத்தது. அகலம் இரண்டாவதற்கு இடம் கொடுத்தது. மூன்றாவது இல்லாத இடத்தில் அகலத்தால் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு ஏன் தோற்றது?

வேகத்தில் தோற்கவில்லை. 1844இல் குளோஸ்டர் நகரில் இரண்டு அளவுப் பாதைகளும் சந்தித்தன. ஒரு பாதையின் வண்டி மற்றதில் ஓடாது. பயணி இறங்கி மாறிக்கொள்வார். மூட்டை, பீப்பாய், செங்கல் எல்லாவற்றையும் ஆள்வைத்து இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். உடைந்தது, தொலைந்தது, தாமதமானது என்று வியாபாரிகள் கொதித்தார்கள்.

1845இல் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. பந்தயமும் நடந்தது. கூச்சின் 7 அடிச் சக்கர இக்ஸியான் 80 டன் சுமையோடு 60 மைலைத் தொட்டது. எதிர்த்தரப்பு அதைவிடக் குறைந்த சுமையோடும் எட்டவில்லை. குழுவும் வேகத்தில் அகலப் பாதையே மேல் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் நாட்டில் அன்றைக்கு அகலப் பாதை 274 மைல். மற்றது சுமார் 1,900 மைல். எதை மாற்றுவது செலவு குறைவு என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டாம். 1846 சட்டம், தனி அனுமதி இல்லாமல் இனிப் போடும் பயணிகள் பாதைகள் 4 அடி 8½ அங்குலமாக இருக்க வேண்டும் என்றது.

ஆக, பந்தயத்தில் வென்றதும் அகலப் பாதைதான், தீர்ப்பில் தோற்றதும் அதுதான். அதன்பின் கிரேட் வெஸ்டர்ன் மூன்றாவது தண்டவாளம் ஒன்றைச் சேர்த்து இரண்டு அளவு வண்டிகளையும் ஓட்டிக்கொண்டு, இன்னும் 46 வருடம் தாக்குப்பிடித்தது.

அகலம் இல்லாமலும் முடிந்தது

அகலம் கட்டாயமா என்ற கேள்விக்கு இரண்டு என்ஜின்கள் பதில் சொல்கின்றன. 1853–54இல் பிரிஸ்டல் அண்டு எக்ஸெட்டர் ரயில்வே ஏழடிப் பாதையில் 9 அடிச் சக்கர என்ஜின்களை இறக்கியது. அந்தச் சக்கரங்களில் தண்டவாளத்தைப் பிடிக்கும் உள்விளிம்பே இல்லை. வழிகாட்டும் வேலையை முன்னும் பின்னும் இருந்த சிறிய சக்கரங்கள் பார்த்துக்கொண்டன. 1854இல் வெலிங்டன் என்ற ஊரருகே உள்ள இறக்கத்தில் ஏறக்குறைய 82 மைல் வேகம் பதிவானது. அகலப் பாதை ஆதரவாளர்கள் பெருமையோடு நீட்டும் எண் இது.

ஆனால் 1870இல் கிரேட் நார்தர்ன் ரயில்வேக்காக பேட்ரிக் ஸ்டர்லிங் டான்காஸ்டரில் கட்டிய என்ஜினுக்கு 8 அடி 1 அங்குலச் சக்கரம், அதுவும் 4 அடி 8½ அங்குலப் பாதையில். சிலிண்டர்களை வெளியே தள்ளிவிட்டார். உள்ளே இடப்பிரச்சினை தீர்ந்தது. பாரம் மேலே போனால் கவிழும் என்ற பயமும் அதற்குள் தேய்ந்துவிட்டிருந்தது. இரும்பின் தரமும் உயவும் மேம்பட மேம்பட, சுற்று கூடினாலும் தாங்கும் என்ற நிலை வந்தது. அதன்பின் அவ்வளவு பெரிய சக்கரமே தேவைப்படவில்லை.

1892, மே

மே 20ஆம் தேதி லண்டனின் பேடிங்டன் நிலையத்திலிருந்து பென்சான்ஸுக்குக் கடைசியாக நேரடியாகப் போன அகலப் பாதை வண்டி கார்னிஷ்மேன் காலை 10.15க்குக் கிளம்பியது. பேடிங்டனில் அதை இழுத்துப் புறப்பட்ட என்ஜினின் பெயரும் கிரேட் வெஸ்டர்ன். 1846இல் வந்த என்ஜின் அல்ல, அயர்ன் டியூக் வகையைப் புதுப்பித்து அதே எட்டடிச் சக்கரத்தோடு கட்டியதில் ஒன்று. அந்த வாரக் கடைசியில் எக்ஸெட்டருக்கு மேற்கே 171 மைல் பாதையில் 4,200க்கும் மேற்பட்டவர்கள் இறங்கி ஒருபக்கத் தண்டவாளத்தை உள்ளே நகர்த்தினார்கள். திங்கட்கிழமை காலை குறுகிய வண்டிகள் ஓடின. ஸ்விண்டனில் 15 மைல் நீளத்துக்குத் தற்காலிகப் பாதை போட்டு, பழைய என்ஜின்களையும் பெட்டிகளையும் வரிசையாக நிறுத்தி, சிலவற்றைச் சக்கரம் மாற்றியும் மற்றவற்றை உடைத்தும் தீர்த்தார்கள்.

நினைவாகப் பாதுகாத்த நார்த் ஸ்டாரையும் லார்ட் ஆஃப் தி ஐல்ஸையும் இடம் அடைக்கின்றன என்று 1906இல் ஸ்விண்டனிலேயே உடைத்தார்கள். பின்னதில் மிஞ்சியவை எட்டடிச் சக்கரங்கள். இன்று டிட்காட்டில் பார்க்கக் கிடைக்கும் அயர்ன் டியூக் 1985இல் செய்த நகல். கூச்சின் இன்னொரு என்ஜினான ஃபயர்ஃப்ளையும் 2005இல் ஓடத் தொடங்கிய நகல்தான். அசலாகத் தப்பிப் பிழைத்த ஒரே பிரிட்டிஷ் அகலப் பாதை என்ஜின் பக்ஃபாஸ்ட்லீயில் இருக்கிறது. 1868இல் செய்தது, பெயர் டைனி. அது எந்த எக்ஸ்பிரஸையும் இழுத்ததில்லை; பெட்டிகளை இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டிருந்த ஷண்டிங் என்ஜின்.